கடல் தாண்டிய ஒரு துணி வடிவத்தைச் சேகரித்துக் காட்சிக்கு வைப்பது எப்படி: மெட்ராஸ் கட்டத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய அருங்காட்சியகத்தின் பணமும் ஆள்பலமும் இல்லாமல், பல நாட்டு மக்களின் கை பட்ட ஒரு வடிவத்தைச் சேகரித்து, ஒழுங்காகப் பதிவு செய்து, சிறு காட்சியாகவும் இணையத் தொகுப்பாகவும் வைக்க நினைப்பவர்களுக்கு இது. கல்லூரி ஜவுளித் துறையோ, ஊர் நூலகமோ, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கமோ, நாலைந்து நண்பர்களோ, யாராக இருந்தாலும் சரி.

உதாரணத்துக்கு மெட்ராஸ் கட்டத் துணியை எடுத்துக்கொள்கிறேன். சாயமிட்ட பருத்தி நூலால் நெய்த கட்டம். சென்னைச் சுற்றுவட்டாரத்திலும் ஆந்திரத்தின் சீராலாவிலும் நெய்யப்பட்டுக் கப்பல் ஏறியது. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்கள் இதை இன்ஜிரி என்கிறார்கள். அங்கே பெண்கள் பிளேடால் சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறொரு கோலத்தைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே. கரீபியனில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இதே துணியின் வெளிர் கோடுகள் மேல் மஞ்சள் வண்ணம் பூசித் தலைக்கட்டாகக் கட்டினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலி பெலிகாட் என்ற பெயரில் இன்றும் கடையில் கிடைக்கிறது.

இங்கே நெசவாளி முடித்த வேலையை அங்கே இன்னொருவர் மறுபடி தொடங்குகிறார். சேகரிப்பவருக்குத் தலைவலி அங்கேதான்: வடிவமைத்தவர் என்று யாரை எழுதுவது? கீழே உள்ள வரிசை முழுக்க அந்தக் கேள்வியை ஒட்டி அமைந்தது. பல குழுக்கள் துணியில் தொடங்கி, லேபிள் எழுதி, கடைசி வாரத்தில் அனுமதி கேட்கின்றன. இந்த வரிசை கிட்டத்தட்ட அதற்குத் தலைகீழ்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாமான்கள் அதிகம் இல்லை. அளவு நாடா (உலோகத்தாலானது வேண்டாம், துணி கீறும்), இழை எண்ண ஒரு சிறு பூதக்கண்ணாடி, மென்மையான பென்சில், கஞ்சி நீங்கத் துவைத்துக் காயவைத்த காடாத்துணி, அகலமான சுத்தமான மேசை, சுமாரான கேமரா, வண்ண அளவு அட்டை. பேனா அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஒரு சொட்டு மை விழுந்தால் திரும்பப் போகாது.

சாமான்களைவிட முக்கியமானவை மூன்று. ஒன்று, பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பொறுப்பாளர். இரண்டு பேர் இருந்தால் இரண்டு வகை எண்கள் வரும். இரண்டாவது, பங்களிப்பவர்களுக்குக் கொடுக்கத் தனியாக ஒதுக்கிய பணம். நெசவாளியின் ஒரு நாளை நேர்காணலுக்கு எடுத்தால் அந்த நாள் கூலி போகிறது. அதைக் கொடுக்காமல் ‘ஆவணப்படுத்துகிறோம்’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது, நேரம். அனுமதிக் கடிதங்களுக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். காட்சித் தேதியை அறிவிப்பது கடைசி வேலை.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘உலகை வென்ற இந்தியத் துணிகள்’ என்பது கேள்வி இல்லை, பேனர். அதை வைத்துக்கொண்டு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியாது. ‘மெட்ராஸ் கட்டம் கலபாரிப் பெண்களின் கையில் எப்படி வேறு வடிவமாகிறது?’ என்பது கேள்வி. ஒரு துணி, இரண்டு ஊர், ஒரு செயல்.

இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவது இடம் சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி என்று சுருங்கிவிடும். மூன்றாவது, நான்காவது இடங்களை ஒரு வரைபடத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

கேள்வியை எழுதியதும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஏற்றுமதியானது’, ‘பரவியது’, ‘சென்றது’ என்றே இருந்தால் நீங்கள் ஒரு கரையில் மட்டும் நின்று பார்க்கிறீர்கள். அக்கரையில் இருப்பவர் செய்யும் செயலுக்கும் ஒரு வினை வேண்டும்: அறுக்கிறார், பூசுகிறார், கட்டுகிறார், பெட்டியில் வைத்துப் பேத்திக்குக் கொடுக்கிறார்.

3. துணியைத் தேடும் முன் அக்கரை ஆளைத் தேடுங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இது. தேர்வெல்லாம் முடிந்து, லேபிளும் எழுதியபின் ‘ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினால் வருவது எழுத்துப்பிழைத் திருத்தம்தான். எதைக் காட்டக்கூடாது, எது இல்லாமல் கதை பொய்யாகும் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குத் தேர்வுக்கு முன்னால்தான் இருக்கிறது.

யாரைத் தேடுவது? துணியை இன்றும் பயன்படுத்தும் சமூகத்தில் ஒருவர், அந்தத் துணியைப் பற்றி எழுதிய ஆய்வாளர் ஒருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை, இல்லாவிட்டால் நல்லது. பல்கலைக்கழக ஜவுளித் துறைகள், புலம்பெயர்ந்தோர் சங்கங்கள், அந்தந்தப் பகுதி அருங்காட்சியகங்கள் வழியாகப் போகலாம். இக்கரையிலும் இதே வேலைதான்: நெசவாளர் கூட்டுறவு சங்கம், சாயப்பட்டறை, மாஸ்டர் வீவர் (நூல் கொடுத்து நெசவாளிகளிடம் வேலை வாங்குபவர்) என்று மூவரிடமாவது பேசுங்கள். மாஸ்டர் வீவர் சொல்லும் கதையும் தறியில் உட்காருபவர் சொல்லும் கதையும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

முதல் கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்: உங்கள் கேள்வி, அவரிடம் எதிர்பார்க்கும் வேலை, கொடுக்கும் தொகை, அவருக்கு உள்ள மறுப்புரிமை. மறுப்புரிமை என்றால் ஒரு பொருளைக் காட்சியிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுக்கச் சொல்லும் அதிகாரம். இதைக் கொடுக்கப் பலருக்கு மனம் வராது. ஆனால் இது இல்லாமல் எதிர்ப்பக்கம் வாய் திறக்காது.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், கலபாரி வீட்டில் பழைய துணி வெறும் உடை இல்லை. மூத்தவர்களின் இறுதிச் சடங்கில், வீட்டு அறைகளில் கட்டில்களை அலங்கரித்து விரிக்கும் குடும்பச் சொத்து அது. இந்தோனேசியாவின் தோராஜா மக்களிடம் போன இந்தியத் துணிகளும் புனிதமான குலச்சொத்தாகவே காக்கப்பட்டன. நெய்தவருக்குச் சரக்கு, பெற்றவருக்குச் சடங்குப் பொருள். எதை எந்த உயரத்தில் தொங்கவிடலாம், யார் தொடலாம், எந்தப் படத்தை இணையத்தில் போடலாம் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தீர்மானமாகும்.

4. பதிவுத் தாளை முதலில் வடிவமையுங்கள்

முதல் துணி கைக்கு வருவதற்கு முன் படிவம் தயாராக இருக்க வேண்டும். பத்துத் துணி சேர்ந்தபின் படிவம் செய்தால், முதல் ஐந்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர் ஊருக்குப் போயிருப்பார்.

அடித்தளத்துக்கு ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேசப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். 1997-இல் வெளியானது, திருடுபோன கலைப்பொருளை அடையாளம் காண உருவாக்கியது. படம், வகை, மூலப்பொருள், அளவு, எழுத்தும் குறியும், தனி அடையாளம், தலைப்பு, காலம், செய்தவர் என்று எளிமையாகப் போகும். இலவசம். அதன் மேல் கீழ்க்கண்ட மாற்றங்களைச் செய்யுங்கள்.

‘செய்தவர்’ என்ற கட்டத்தைப் பிரியுங்கள். நூலுக்குச் சாயமிட்டவர், நெய்தவர், வடிவத்தை மாற்றியவர், உடுத்தியவர் அல்லது வைத்திருந்தவர் என நான்கு வரிகள். பெயர் தெரியாவிட்டால் ‘பெயர் பதிவாகவில்லை’ என்று எழுதுங்கள். ‘அறியப்படாதவர்’ என்று வேண்டாம். அவரை அவருடைய தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எழுதி வைக்காதது சேகரித்தவர். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளில் 700 மாதிரிகளாகச் சேர்த்தார். ஊர், நீளம், அகலம், எடை, விலை எல்லாம் இருக்கும். நெசவாளி மட்டும் இருக்க மாட்டார். பிரிட்டிஷ் உற்பத்தியாளர்கள் பார்த்து நெய்யும்படி செய்த தொகுப்பு அது, அதனால் அதற்கு நெசவாளி தேவைப்படவில்லை. உங்கள் படிவத்தில் எந்தக் கட்டம் இல்லையோ, உங்களுக்கு எது தேவைப்படவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

‘பெயர்’ கட்டத்தில் குறைந்தது மூன்று இடம் விடுங்கள்: நெய்த ஊரில் அழைக்கும் பெயர், வியாபாரப் பெயர், உடுத்தும் ஊரில் அழைக்கும் பெயர். எது ‘சரியான’ பெயர் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். மூன்றும் தேடலில் உதவும்.

‘யார் சொன்னது’ என்ற கட்டம் ஒவ்வொரு தகவலுக்கும் வேண்டும். ‘கல்யாணத்துக்குக் கட்டியது’ என்று குடும்பத்தார் சொன்னார்களா, வியாபாரி சொன்னாரா, நீங்களே ஊகித்தீர்களா? இந்த ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த வருடம் ஊகம் உண்மையாக மாறி அச்சேறும்.

எண் கொடுக்கும் முறை எளிது: ஆண்டு, அந்த ஆண்டில் வந்த தொகுதி, அதில் பொருள். 2025.3.7 என்றால் 2025-இல் மூன்றாவதாக வந்த தொகுதியின் ஏழாவது துணி. எண்ணில் ஊர்ப்பெயர், வகைப்பெயர் எதையும் சேர்க்காதீர்கள். நாளைக்கு அந்த ஊர் தவறென்று தெரிந்தால் எண்ணையே மாற்ற வேண்டிவரும். எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதி, துணியின் ஓரத்தில் இரண்டு தையலாகத் தைக்கவும். ஒட்டும் ஸ்டிக்கரும் ஸ்டேப்ளர் பின்னும் கூடவே கூடாது.

5. திறந்த தொகுப்புகளில் தேடுவது

இப்போது தேடலாம். உலகின் பல அருங்காட்சியகங்கள் காப்புரிமை முடிந்த பொருட்களின் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பிப்ரவரி 2017 முதல், கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் ஜனவரி 2019 முதல், ஸ்மித்சோனியன் பிப்ரவரி 2020 முதல் (தொடக்கத்திலேயே சுமார் 28 லட்சம் படங்கள்). ஸ்மித்சோனியனுக்குள் கூப்பர் ஹெவிட் என்ற வடிவமைப்பு அருங்காட்சியகமும் அடங்கும். துணி மாதிரிகளுக்கு அங்கே நேரம் செலவிடலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் கோரமண்டல் கரையிலிருந்து போன எழுதுசாயத் துணிகளின் (கலம்காரி போல, கையால் வரைந்து சாயமேற்றியவை) நல்ல படங்கள் உண்டு.

பொதுவான தடுமாற்றம்: ‘இந்தியா, பருத்தி’ என்று தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புவது. துணி நெய்த ஊரின் பெயரில் பட்டியலாகாமல், கடைசியாகக் கிடைத்த ஊரின் பெயரிலேயே பெரும்பாலும் பட்டியலாகியிருக்கும். மெட்ராஸ் கட்டம் ஆப்பிரிக்கப் பிரிவில் இருக்கும், கரீபிய உடைப் பிரிவில் இருக்கும். மெட்ராஸ், இன்ஜிரி, ஜார்ஜ் (நைஜீரியாவில் இந்தியத் துணிக்கு வழங்கும் பெயர்), பெலிகாட் என எல்லாப் பெயர்களையும் அந்தந்த மொழி எழுத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். எழுதுசாயத் துணிக்கு டச்சில் சிட்ஸ், பிரெஞ்சில் ஆந்தியென், ஜப்பானில் சரசா.

ஓவியங்களையும் தேடுங்கள். துணி மக்கிப்போகும், ஓவியத்தில் தங்கும். அகோஸ்தீனோ புருனியாஸ் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கரீபியத் தீவுகளில் வரைந்த படங்களில் கட்டம் போட்ட தலைத்துணிகளைப் பார்க்கலாம். இது ஒரு பிரபலமான தவறைத் தீர்க்கும். தமிழ் ஒப்பந்தக் கூலிகள்தான் மெட்ராஸ் துணியைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார்கள் என்று நம்மில் பலர் ஆசையோடு எழுதுகிறோம். மார்த்தினிக்குக்கு முதல் இந்தியத் தொழிலாளர் கப்பல் வந்தது 1853-இல், குவாதலூப்புக்கு 1854-இல். துணி அதற்கு வெகு முன்பே வணிகக் கப்பலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

6. உரிமை: மூன்று பூட்டுகள்

‘இணையத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்’ என்பவரிடம் பேசிப் பயனில்லை. ‘சிசி ஜீரோ என்று போட்டிருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்’ என்பவரிடம் பேசலாம், ஏனென்றால் அவர் பார்த்தது முதல் பூட்டை.

முதல் பூட்டு, படத்தின் காப்புரிமை. சிசி ஜீரோ (CC0) என்ற உரிமக் குறி இருந்தால் எந்த நிபந்தனையும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் பெரும்பாலான படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமானவை. அதே படத்தைப் போட்ட அட்டையை நூறு ரூபாய்க்கு விற்றால் மீறல். விக்கிமீடியா காமன்ஸ் வணிகத் தடை உள்ள படங்களை ஏற்காது, எனவே அங்கேயும் ஏற்ற முடியாது. இந்தியாவில் நீங்கள் குடும்பங்களிடமிருந்து வாங்கும் புகைப்படங்களுக்கு, எடுத்தவர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. ஸ்டூடியோக்காரரிடம் காசு கொடுத்து எடுத்த கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்; படம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதால் மட்டும் உரிமை அவருடையதாகிவிடாது.

இரண்டாவது பூட்டு, வடிவத்தின் உரிமை. புதிய வடிவம் இந்தியாவில் வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ் பதிவாகியிருக்கலாம். பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சில துணிகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு: பவானி ஜமக்காளம், காஞ்சிபுரம் பட்டு. அந்தப் பெயரை வேறு ஊர்த் துணிக்கு லேபிளில் ஒட்டாதீர்கள்.

மூன்றாவது பூட்டு சட்டப் புத்தகத்தில் சரியாக அகப்படாதது: அறிவின் உரிமை. ஒரு கோலம் இன்ன குடும்பத்துக்கு உரியது, இன்ன சடங்குக்கு மட்டும் உரியது என்று சமூகம் சொன்னால், படம் சிசி ஜீரோவாக இருந்தாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்’ என்ற அமைப்பு இதற்காக மரபறிவு லேபிள்களை உருவாக்கியிருக்கிறது. அவற்றை ஒட்டும் அதிகாரம் சமூகத்துக்குத்தான், சேகரிப்பவருக்கு இல்லை. நீங்களாகவே ஒரு லேபிளைத் தேர்ந்தெடுத்து ஒட்டுவது மற்றவர் பெயரில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

மூன்றையும் பதிவுத் தாளில் மூன்று தனித்தனிக் கட்டங்களாக வையுங்கள். ஒரே ‘அனுமதி: உண்டு’ என்ற கட்டம் ஆறு மாதம் கழித்து எதையும் சொல்லாது.

7. துணியைப் பெறுவது

வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து அசல் துணியைக் கடன் வாங்கும் கனவை இப்போதே விட்டுவிடலாம். வெப்பம், ஈரப்பதம், பாதுகாப்பு, காப்பீடு பற்றி அவர்கள் அனுப்பும் படிவத்தை நிரப்பும்போதே புரிந்துவிடும். சிறு குழுவுக்கு நடைமுறையில் உள்ள வழிகள்: உள்ளூர்க் குடும்பங்களின் துணி, புதிதாக நெய்யச் சொல்லி வாங்குவது, அக்கரைக் கைவினைஞரிடம் காசு கொடுத்துச் செய்யச் சொல்வது, திறந்த படங்களின் பெரிய அச்சுகள்.

இவற்றில் புதிதாக நெய்யச் சொல்வது எனக்குப் பிடித்த வழி. 36 அங்குல அகலத்தில் நாலைந்து கஜம் நெய்து வாங்கி, பாதியை இங்கே வைத்துக்கொண்டு பாதியைக் கலபாரிக் கைவினைஞரிடம் அனுப்பி நூல் அறுத்து வரச் செய்தால், ஒரே பாவில் (தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலில்) வந்த இரண்டு துணிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். பத்துப் படம் சொல்லாததை அது சொல்லும். பாவு நீளம், ஊடை நூல், சாயம், கூலி எல்லாவற்றையும் நெய்யும்போதே எழுதி வைத்துவிடலாம்.

பழைய துணி வாங்கினால் கேட்க வேண்டியது: யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது. ரசீது கட்டாயம். 100 ஆண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்துக்குள் வரலாம். தனிநபர் அதை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பருக்குப் பாட்டியின் துணியைக் கூரியரில் அனுப்பும் முன் இதை யோசியுங்கள். நன்கொடையாக வந்தால், திரும்பக் கேட்கலாமா, குழு கலைந்தால் துணி எங்கே போகும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

8. கையாளுதலும் படம் எடுத்தலும்

துவைக்காதீர்கள். ‘அழுக்காக இருந்தது, அலசிக் கொண்டுவந்தோம்’ என்று யாராவது சொல்வார்கள். பழைய மெட்ராஸ் கட்டம் சாயம் போகும் துணி. 1960-களில் அமெரிக்காவில் சாயம் போவதையே சிறப்பென்று சொல்லி விற்றார்கள். நனைத்தால் வடிவமே மாறிவிடும். கஞ்சி, வாசனை, மடிப்புத் தடம், வியாபார முத்திரை, ஒட்டிய சீட்டு எல்லாமே தகவல். நைஜீரியாவில் வாங்குபவர்கள் துணியை முகர்ந்தும் தடவியும்தான் அசலா என்று பார்த்தார்கள். இஸ்திரியும் வேண்டாம்.

நெய்த கட்டமா, அச்சிட்ட கட்டமா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். நெய்தது இருபுறமும் ஒன்றாக இருக்கும். கைத்தறியா, விசைத்தறியா என்பது அவ்வளவு சுலபமில்லை. ஓரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், தெரிந்த நெசவாளி ஒருவரிடம் காட்டுங்கள்.

படம் எடுக்கும் வரிசை: முழுத் துணி, பின்புறம், நான்கு ஓரங்கள், இழை தெரியும் நெருக்கம், முத்திரை, சேதம். ஒவ்வொன்றிலும் அளவு அட்டையும் எண்ணும் இருக்கட்டும். அறுத்த நூல் வேலைக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். நேர் வெளிச்சத்தில் இடைவெளிகள் மறையும்.

வைப்பதற்கு: மடிக்காமல் குழாயில் சுருட்டி, காடாத்துணியால் சுற்றி, ஸ்டீல் பீரோவில். அந்துருண்டை வேண்டாம், வேப்பிலையைத் துணி மேல் நேராகப் போடுவதும் வேண்டாம், கறை பிடிக்கும். சென்னை மாதிரி ஈரப்பதமுள்ள ஊரில் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

9. தேர்வு

பதினைந்து பொருள் போதும். தேர்வு மேசையில் அக்கரை ஆள் இருக்க வேண்டும், வீடியோ அழைப்பிலாவது. இக்கரைப் பொருளும் அக்கரைப் பொருளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இக்கரைத் துணிக்கு நெசவாளி பெயரும், அக்கரைத் துணிக்கு வெறும் ‘ஆப்பிரிக்கா’ என்றும் வந்தால் தேர்வை நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். நான் பார்த்தவரை அழகான துணிகளே முதலில் தேறுகின்றன. கிழிந்து ஒட்டுப்போட்ட கைலி ஒன்றையாவது சேர்த்துவிடுங்கள்; துணி எப்படி உழைத்தது என்று அதில்தான் தெரியும்.

எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்றும் எழுதி வையுங்கள். மறுப்புரிமையால் விலகிய பொருளுக்குப் படம் இல்லாமல் ஒரு வரி போதும்.

10. லேபிள் எழுதுவது

பார்வையாளர் லேபிளின் முதல் வரியைத்தான் படிப்பார். அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் வடிவமைத்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

அடிக்கடி பார்க்கும் லேபிள் இப்படி: ‘ஆப்பிரிக்கப் பழங்குடித் துணி. பருத்தி. 20-ஆம் நூற்றாண்டு. மெட்ராஸ் துணியின் தாக்கம் கொண்டது.’ நான்கு வாக்கியத்தில் நான்கு கோளாறு. ஆப்பிரிக்கா ஒரு கண்டம். பழங்குடி என்று யார் சொன்னது? காலம் நூறு ஆண்டு அகலம். ‘தாக்கம்’ என்பது கையில் இருக்கும் பொருளுக்குப் பொருந்தவே இல்லை, அது மெட்ராஸ் துணியேதான்.

அதையே இப்படி எழுதலாம்: ‘பெலெட்டே பிட்டே. கலபாரிப் பெண் ஒருவர் நூல் அறுத்து உருவாக்கிய இடுப்புத் துணி, நைஜர் டெல்டா, பெயர் பதிவாகவில்லை. கட்டத் துணியை நெய்தவர் தென்னிந்திய நெசவாளி; பெயர் பதிவாகவில்லை. வெளிர் நூல்கள் அறுபட்ட இடங்களில் கட்டம் கலைந்து புதிய வரிசை தெரிவதைப் பாருங்கள்.’ இரண்டு கைகளும் வந்துவிட்டன, கண்ணுக்கு ஒரு வேலையும் கொடுத்தாயிற்று.

சில விதிகள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்காதீர்கள். தமிழ் லேபிளைத் தமிழிலேயே எழுதுங்கள், இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டியதில்லை. கலபாரிச் சொற்களை அவர்கள் உச்சரிப்பதைக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். அறுபது சொல்லுக்குள் முடியுங்கள். ‘நம் தமிழன் உலகுக்குக் கொடுத்தது’ என்ற தொனி எட்டிப் பார்த்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சீராலாவில் தெலுங்கு பேசும் நெசவாளிகள் நெய்ததும் இதே துணிதான்.

11. கூடம்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல்களை மூடுங்கள், எல்இடி விளக்கு போதும், துணி மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே துணியைக் காட்சியில் வைக்க வேண்டாம். ஆணி, கிளிப் கிடையாது. சாய்ந்த பலகையில் காடாத்துணி போட்டு அதன் மேல் கிடத்துங்கள்.

தொட்டுப் பார்க்க ஒரு புதுத் துண்டு கட்டாயம் வையுங்கள். பாதி அறுத்தது, பாதி அறுக்காதது. அது இல்லாவிட்டால் மக்கள் அசலைத் தொடுவார்கள், தடுக்க முடியாது.

12. இணையத்தில் திறப்பதும் திருத்தங்களை ஏற்பதும்

காட்சி முடிந்ததும் பதிவுகள் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் தூங்கப் போகும். அதைத் தவிர்க்க, காட்சி தொடங்கும் நாளிலேயே இணையத் தொகுப்பும் வெளியாகட்டும். ஓமேகா என்ற இலவச மென்பொருள் சிறு தொகுப்புக்குப் போதுமானது. சிலவற்றைச் சமூகத்துக்குள் மட்டும் காட்ட வேண்டுமென்றால் முகுர்த்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கியது. யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே அமைக்கலாம்.

தகவலுக்கும் படத்துக்கும் தனித்தனி உரிமம் கொடுங்கள். அளவு, மூலப்பொருள், ஊர் போன்ற தகவல்களைச் சிசி ஜீரோவில் விடலாம். நீங்கள் எடுத்த படங்களை, பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடலாம். குறிப்பிட வேண்டிய பெயர்களில் நெய்தவரும் நூல் அறுத்தவரும் இருக்கட்டும், அவர்கள் சம்மதித்திருந்தால். நேர்காணல் ஒலிப்பதிவைப் பொதுவில் விடும் முன் பேசியவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவர் வெட்டச் சொல்வது பெரும்பாலும் கூலி பற்றிய பகுதி, அதற்குக் காரணம் இருக்கும்.

ஒவ்வொரு பதிவின் கீழும் திருத்தம் சொல்ல ஒரு வழி வையுங்கள், மின்னஞ்சல் மட்டும் போதாது. நெசவாளிக்கும் கலபாரி ஊரான புகுமாவில் இருக்கும் பாட்டிக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவுதான் வசதி. திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காமல், பக்கத்தில் தேதியோடு புதியதைச் சேருங்கள். இரண்டு பக்கத்துக் கூற்றும் முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது என்ற கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பதில் போடும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, அவருடைய பெயரை உள் பதிவேட்டில் எழுதுங்கள். அவர் குழுவை விட்டுப் போகும் நாளில் அடுத்தவருக்குக் கடவுச்சொல், அனுமதிக் கடிதங்கள், பீரோ சாவி மூன்றையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.